பாறையைப் பிளக்கும் நீர்

நிலத்தின் ஆழத்திலே பாறையுள் அடங்கிக் கிடக்கும் எண்ணெயையும் எரிவாயுவையும், நீரின் அழுத்தத்தாற் பாறையைப் பிளந்து வெளிக்கொணரும் முறையொன்று இன்று உலகின் பல பாகங்களிலும் பேசப்படுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் பொருளாதார நிலையையே அது மாற்றியமைத்தது. பிரான்சு தேசம் 2011ஆம் ஆண்டிலே சட்டமியற்றி அதனை விலக்கியது. காவிரி பாயும் தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலோ அதன் பெயரைக் கேட்ட உழவர் வயலை விட்டு வீதிக்கு வந்தனர். இம்முறை யாது, அது நிகழ்வது எவ்வாறு, அதன் பயனும் தீங்கும் எவை, நமக்கும் அதற்கும் உள்ள தொடர்பு யாது என்பவற்றை மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் இயன்ற அளவு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியன் ஒருவன் எண்ணெய்க் கிணற்றைப் பற்றி எழுதப் புகுதல் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். வளைகுடா நாடுகளிலே எண்ணெய்த் தொழிலிற் கடமையாற்றும் பழைய மாணவர் இதனை என்னினும் நன்கறிவர். ஆயினும் ஒரு பொருளைக் குறிக்குஞ் சொல் தெளிவாக இல்லாதவிடத்து, அப்பொருள் பற்றி எழும் வழக்கும் தெளிவாக இராது. காவிரிப் படுகையிலே நான்கு வேறு தொழில்கள் ஒரே பெயரால் அழைக்கப்பட்டன. அதனால், எதிர்த்தோர் கூற்றிலிருந்த உண்மையும் ஆதரித்தோர் கூற்றிலிருந்த உண்மையும் ஒன்றையொன்று சந்தியாமலே போயின. சொற்களைப் பிரித்தறிதல் தமிழாசிரியர்க்குரிய கடமையே.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் 'ஹைட்ரோலிக் பிராக்சரிங்' எனவும், சுருக்கமாகப் 'பிராக்கிங்' எனவும் இது வழங்கும். தமிழ்ப் பத்திரிகைகள் 'நீரியல் விரிசல்' என்று எழுதுவதுண்டு. நீரியல் என்பது மழை, ஆறு, நிலத்தடி நீர் ஆகியவற்றை ஆராயும் அறிவுத்துறைக்கு வழங்கும் பெயராதலின், அச்சொல் இங்கு மயக்கந் தரும். இங்கே தொழிற்படுவது அடைக்கப்பட்ட நீரின் அழுத்தம். விளைவது பாறையின் பிளவு. ஆதலின் 'நீரழுத்தப் பிளப்பு' என்னுஞ் சொல்லை இக்கட்டுரையில் ஆளுவோம்.

மற்றுமொரு சொல்லையும் இங்கே தெளிதல் வேண்டும். 'ஐதரோகாபன்' என்பதைத் தமிழ்நாட்டார் 'ஹைட்ரோகார்பன்' என எழுதுவர். 2017ஆம் ஆண்டின் பின் அது பலர்க்கு அச்சந்தரும் ஒரு திட்டத்தின் பெயராயிற்று. உண்மையில் ஐதரசனும் காபனும் மாத்திரம் சேர்ந்த சேர்வைகள் யாவற்றுக்கும் அது பொதுப்பெயர். மெதேன் வாயு ஐதரோகாபனாகும். அடுக்களையில் எரியும் வாயுவும், விளக்கிலிடும் மண்ணெண்ணெயும், பெற்றோலும் ஐதரோகாபன்களின் கலவைகளாம். பெற்றோலியம் என்னுஞ் சொல்லுக்குப் பாறையெண்ணெய் என்பதே பொருள். நம் முன்னோர் மண்ணெண்ணெய் என்று பெயரிட்டதும் அதனோடு ஒத்த கருத்தேயாம்.

எண்ணெய் உறையும் இடம்

நிலத்தின் கீழே எண்ணெய் ஓர் ஏரிபோலத் தேங்கி நிற்பதாகப் பலர் எண்ணுவர். அங்ஙனமன்று. பல கோடி ஆண்டுகட்கு முன்னர்க் கடலடியிலும் ஏரியடியிலும் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்கள் சேற்றோடு புதைந்தன. மேலும் மேலும் படிந்த மண்ணின் பாரத்தாலும், ஆழத்தின் வெப்பத்தாலும் அவை எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறின. அவற்றைத் தாங்கிய சேறு இறுகிப் பாறையாயிற்று. ஏடு ஏடாகப் பிரியும் இயல்புடைய இப்பாறையை ஆங்கிலேயர் 'சேல்' என்பர். நாம் களிப்பாறை எனலாம்.

அங்ஙனம் தோன்றிய எண்ணெயில் ஒரு பகுதி மெல்ல மேலேறி, துளைகள் மிக்க மணற்கல்லையோ சுண்ணாம்புக்கல்லையோ அடைந்து, அதன்மேல் மூடிபோல் அமைந்த இறுகிய பாறையால் தடுக்கப்பட்டுத் தங்கியது. இதுவே பண்டுதொட்டு எண்ணெய்த் தொழிலார் தேடிய இடம். அதனைத் துளைத்தவிடத்து எண்ணெய் தன் அழுத்தத்தாலேயே பெரும்பாலும் மேலெழும். எஞ்சிய பகுதியோ பிறந்த களிப்பாறையை விட்டு அகலாது அங்கேயே கிடக்கின்றது.

இவ்விரண்டின் வேறுபாட்டை எளிதில் விளங்கிக் கொள்ளலாம். மணலிலே ஒரு குழி தோண்டினால் நீர் தானே ஊறி நிரம்பும். இறுகிய களிமண்ணிலே தோண்டினால், மண் ஈரமாயிருந்தும் குழியில் நீர் சேராது. துளைகள் மிக நுண்ணியனவாகவும் ஒன்றோடொன்று தொடர்பற்றனவாகவும் இருத்தலே காரணம். களிப்பாறையில் உள்ள வாயுவின் நிலையும் இதுவே. வழியை உண்டாக்கினாலன்றி அது வெளிவராது. வழியை உண்டாக்கும் தொழிலே நீரழுத்தப் பிளப்பு.

பிளக்கும் முறை

முதற்கண் நிலத்திலே செங்குத்தாகத் துளையிடுவர். களிப்பாறை பெரும்பாலும் ஒன்றரை முதல் மூன்று கிலோமீற்றர் ஆழத்தில் இருக்கும். துளையினுள் உருக்குக் குழாய்களை இறக்கி, குழாய்க்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள வெளியைச் சீமெந்தால் அடைப்பர். மேற்படையிலுள்ள நன்னீரைத் துளையிலிருந்து பிரித்துக் காப்பது இந்தக் குழாயும் சீமெந்துமேயாம் என்பதை மாணவர் மனத்திற் கொள்க. களிப்பாறையை அண்மியதும் துளைகருவியை மெல்ல வளைத்துப் பாறைப்படையின் ஊடே கிடையாகச் செலுத்துவர். இக்கிடைத் துளை ஒரு கிலோமீற்றருக்கும் இரண்டு கிலோமீற்றருக்கும் மேலாகவும் நீளும்.

பின்னர், சிறு வெடிகள் பொருத்திய கருவியொன்றைக் கிடைக் குழாயினுள் அனுப்பிக் குழாயிற் பல துவாரங்களை உண்டாக்குவர். அதன் மேல், ஆற்றல் மிக்க பம்பிகள் பல ஒருங்கே இயங்கி நீரை உள்ளே செலுத்தும். மோட்டார்க் காரின் சக்கரத்திலே நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 30 இறாத்தலாகும். இங்கே செலுத்தும் நீரின் அழுத்தமோ சதுர அங்குலத்துக்குப் பல்லாயிரம் இறாத்தல். பாறையை இறுக்கி நிற்கும் நிலத்தின் பாரத்தை நீரின் அழுத்தம் வெல்லும்போது பாறை பிளக்கின்றது. பிளவுகளின் அகலம் சில மில்லிமீற்றரே. நீளமோ பல பத்து மீற்றர்.

பம்பியை நிறுத்தினால் நிலத்தின் பாரம் பிளவை மீண்டும் மூடிவிடும். அதனைத் தடுத்தற்கே நீருடன் மணலைக் கலப்பர். நீர் திரும்பினும் மணல் பிளவினுட் தங்கி, கதவிடுக்கில் வைத்த ஆப்புப்போல அதனைத் திறந்தபடி வைத்திருக்கும். மணலிடையே வாயு கசிந்து குழாயை அடைந்து மேலேறும். ஒரு பகுதி முடிந்ததும் அதனை அடைத்துவிட்டு அடுத்த பகுதியைப் பிளப்பர். இவ்வாறு ஒரே கிணற்றிற் பல பகுதிகள் பிளக்கப்படும்.

செலுத்தும் திரவத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நீர். ஒன்பது பங்குக்கு மேல் மணல். அரை வீதம் முதல் ஒரு வீதம் வரை பிற பொருள்கள். உராய்வைக் குறைப்பன, நுண்ணுயிரைக் கொல்வன, துருப்பிடித்தலைத் தடுப்பன, சுண்ணாம்பைக் கரைக்கும் அமிலம் எனப் பலவகைப்பட்டன அவை. அரை வீதம் என்பது சிறிதாகத் தோன்றும். ஆயின், ஒரு கோடி இலீற்றரில் அரை வீதம் ஐம்பதினாயிரம் இலீற்றர் என்பதைக் கணிதம் கற்கும் மாணவர் உடனே காண்பர்.

இப்பொருள்களுள் ஒன்று நம்மவர் கறிக்குச் சமைக்கும் கொத்தவரங்காயின் விதையிலிருந்து வருவதாகும். அவ்விதையை அரைத்தெடுக்கும் பசைப்பொடி நீரைக் கொழுகொழுப்பாக்கி, மணல் அடியிற் படியாது பிளவுவரை சென்றடைய உதவுகின்றது. உலகில் விளையும் கொத்தவரையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இந்தியாவில், சிறப்பாக இராசத்தானத்தின் வறண்ட நிலங்களில் விளைகின்றது. அமெரிக்காவிற் கிணறுகள் பெருகியதனால், 2012ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அதன் விலை பன்மடங்கு உயர்ந்தது. இந்திய அரசு அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அதன் முன்பேர வணிகத்தையே நிறுத்தி வைத்தது. டெக்சாசின் பாறையைப் பிளப்பதற்கு இராசத்தானத்து உழவன் விதை விதைத்தான். உலகம் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கும் வகை இஃது.

தோன்றிய வரலாறு

பாறையைப் பிளந்து எண்ணெய் பெறும் எண்ணம் புதியதன்று. 1865இலே எட்வர்ட் ரொபர்ட்ஸ் என்னும் அமெரிக்கர், கிணற்றடியில் வெடிமருந்தை வெடிக்கச் செய்து எண்ணெயின் வரத்தைப் பெருக்கும் கருவிக்கு உரிமை பெற்றார். நீரழுத்த முறையின் முதற் சோதனை 1947இலே கன்சாஸ் மாநிலத்து ஹியூகொட்டன் வாயு வயலில் நிகழ்ந்தது. அப்போது செலுத்தப்பட்டது நீரன்று; கெட்டியாக்கப்பட்ட பெற்றோல். பயனும் அதிகமில்லை. எனினும் 1949 மார்ச்சு 17ஆந் தேதி ஒக்லஹோமாவிலும் டெக்சாசிலும் வணிக முறையில் அது தொடங்கப்பெற்றது. அன்றுதொட்டு எண்ணற்ற சாதாரண எண்ணெய்க் கிணறுகளிலும், வரத்துக் குறைந்தபோது இம்முறை கையாளப்பட்டு வந்துள்ளது.

களிப்பாறையை வெல்லும் வழியைக் கண்டவர் ஜோர்ஜ் மிச்செல் என்பவர். கிரேக்க நாட்டிலிருந்து குடியேறிய ஏழைப் பெற்றோரின் மைந்தராய் 1919இற் பிறந்த இவர், டெக்சாசின் பார்னெட் களிப்பாறையிலே 1981 முதல் விடாது முயன்றார். பதினேழு ஆண்டுகள் கழிந்து 1998இலே, விலை மிக்க பசைத் திரவத்தைக் குறைத்து நீரையே பெரும்பான்மையாகச் செலுத்தியபோது வெற்றி கிட்டியது. இம்முறையோடு கிடைத் துளையிடுதலும் சேர்ந்தபின் அமெரிக்கா இயற்கை வாயு உற்பத்தியில் உருசியாவை விஞ்சியது. 2018இலே மசகு எண்ணெய் உற்பத்தியிலும் உலகில் முதலிடம் பெற்றது. நிலக்கரியால் இயங்கிய மின்னிலையங்கள் பல வாயுவுக்கு மாறியமையால், அந்நாட்டு மின்னுற்பத்தியிலிருந்து வெளிப்படும் காபனீரொட்சைட்டும் குறைந்தது. இவை மறுக்கொணாத பயன்கள்.

குடிநீருக்கும் இதே முறை

பாறையை நீரால் பிளத்தல் என்றவுடன் அஞ்சுவோர் ஒன்றை அறிதல் நலம். தமிழ்நாட்டின் கருங்கற் பகுதிகளிலே, நீர் சுரத்தல் குறைந்த குழாய்க்கிணறுகளை மீண்டும் பயன்படச் செய்தற்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் இதே முறையைக் கையாண்டு வந்துள்ளது. கிணற்றின் ஒரு பகுதியை அடைப்பானால் இறுக மூடி, அதன் கீழ் தூய நீரை மிகுந்த அழுத்தத்துடன் செலுத்துவர். பாறையிடுக்குகளை அடைத்து நின்ற மண்ணும் துகளும் அகன்று, சிறு வெடிப்புகள் விரிந்து, அயலிலுள்ள நீர்ப் படைகளோடு தொடர்பு உண்டாகும். வற்றிய கிணறு ஊறத் தொடங்கும். ஈண்டு இரசாயனப் பொருளும் இல்லை, நச்சுக் கழிவும் இல்லை.

ஆகவே பிளத்தல் என்னுஞ் செயல் தன்னளவிலே நன்மையுமன்று, தீமையுமன்று. எந்தப் பாறை, என்ன திரவம், எவ்வளவு நீர், திரும்பி வருவது யாது, அதனை எங்கே விடுவது என்பவற்றிலேயே நன்மை தீமை அமைந்துள்ளது. இக்கட்டுரையின் சாரம் இதுவே.

நீரின் கணக்கும் கழிவின் கணக்கும்

களிப்பாறைக் கிணறு ஒன்றைப் பிளப்பதற்கு 15 இலட்சம் முதல் 160 இலட்சம் அமெரிக்கக் கலன் வரை நீர் செலவாவதாக அமெரிக்கப் புவிச்சரிதவியல் ஆய்வகம் கூறுகின்றது. இஃது ஏறத்தாழ 57 இலட்சம் முதல் 6 கோடி இலீற்றர். இதனை நம் உழவர் கணக்கோடு ஒப்பிடுவோம். ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்தில் நான்கடி ஆழ நீர் வேண்டுமெனக் கொண்டால், அஃது ஏறத்தாழ 49 இலட்சம் இலீற்றராகும். எனவே ஒரு கிணற்றின் நீர், ஓரேக்கர் முதல் பன்னீரேக்கர் வரையான நெல்லின் நீருக்குச் சமம்.

அளவை மாத்திரம் நோக்கின் இது பெரிதன்று எனத் தோன்றும். ஆயின், வயலுக்குப் பாய்ச்சிய நீர் அழிந்துபோவதில்லை. ஒரு பகுதி ஆவியாகி வானத்தை அடைகின்றது. ஒரு பகுதி மண்ணில் இறங்கிக் கிணற்றுக்குத் திரும்புகின்றது. பாறைக்குச் செலுத்திய நீரோ, ஒரு பகுதி ஆழத்திலேயே தங்கி மனிதர்க்கு என்றும் பயன்படாமற் போகின்றது. மற்றப் பகுதி, தான் கொண்டு சென்ற இரசாயனங்களோடு, பாறையிலிருந்து கரைத்த மிகுந்த உப்பையும், சிலவிடங்களில் ரேடியம் முதலிய கதிர்வீசும் பொருள்களையும் சுமந்துகொண்டு மேலே வருகின்றது. அதனை வயலில் விடலாகாது, ஆற்றில் விடலாகாது.

இனி, ஆழத்திலே உண்டாக்கிய பிளவு நேரே மேலெழுந்து நன்னீர்ப் படையைத் தொடுமோ என்பது பலர் வினா. களிப்பாறைக்கும் நன்னீருக்கும் இடையே ஒரு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாறை இருக்குமிடத்து அது நிகழ்தல் அரிது. ஆபத்து வேறிடங்களிலே உள்ளது. அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனம் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2016 திசெம்பரில் வெளியிட்ட முடிவு, சில சூழ்நிலைகளில் இத்தொழில் குடிநீரைப் பாதிக்கக்கூடும் என்பதாகும். நீர் அரிதான இடத்தில் நீரை எடுத்தல், இரசாயனங்களும் கழிவுநீரும் தரையிற் சிந்துதல், பழுதுற்ற கிணற்றின் வழியே திரவமும் வாயுவும் கசிதல், போதிய அளவு தூய்மை செய்யாத கழிவை ஆற்றில் விடுதல், கசியும் குழிகளில் அதனைத் தேக்குதல் ஆகியன அச்சூழ்நிலைகளுள் அடங்கும். தீங்கின் வாயில் பெரும்பாலும் பாறையின் ஆழத்திலன்று, தரையின் மேலும் குழாயின் ஓரத்திலுமே இருக்கின்றது.

கழிவுநீரை ஆழ் கிணறுகளிற் செலுத்திப் புதைப்பதும் இடரற்றதன்று. ஒக்லஹோமா மாநிலத்தில் 2008க்கு முன்னர் மூன்றாம் அளவையும் அதற்கு மேலும் உள்ள நிலநடுக்கங்கள் ஆண்டுக்கு இரண்டொன்றே நிகழ்ந்தன. 2015இலே அவை தொள்ளாயிரத்தைக் கடந்தன. 2016 செப்டெம்பர் 3ஆந் தேதி போனி என்னுமிடத்தில் 5.8 அளவுள்ள நடுக்கம் உண்டாயிற்று. எண்ணெயோடு வெளிவந்த உப்புநீரைப் பெருமளவில் ஆழத்திற் செலுத்தியமையே இவற்றுக்கு முதன்மைக் காரணம் என அறிஞர் கண்டனர். இங்கிலாந்திலோ பிளத்தற் செயலே சிறு நடுக்கங்களை உண்டாக்கியமையால் 2019 நவம்பரில் அது நிறுத்தப்பட்டது.

காவிரிப் படுகையில் நிகழ்ந்தவை

இவ்வளவும் அறிந்தபின் காவிரிப் படுகைக்கு வருவோம். பல கிலோமீற்றர் தடிப்புள்ள படிவுப் பாறைகளைக் கொண்ட அப்படுகையிலே இந்திய எண்ணெய், இயற்கை வாயுக் கழகம் நெடுங்காலமாகத் துளையிட்டு வந்தது. 1980கள் முதல் நரிமணம், கோவில்களப்பால் முதலிய இடங்களில் எண்ணெயும் வாயுவும் கிடைத்தன. நாகப்பட்டினத்தை அடுத்த பனங்குடியில் 1993இலே சுத்திகரிப்பு நிலையமும் எழுந்தது. இது முதலாவது தொழில்: மேற்கூறிய மணற்கல் முதலியவற்றிலிருந்து வழமையான முறையில் எண்ணெய் எடுத்தல்.

இரண்டாவது, நிலக்கரிப் படையில் ஒட்டியுள்ள மெதேனை எடுத்தல். 2010இலே மன்னார்குடிப் பகுதியில் இதற்கு உடன்படிக்கை செய்யப்பட்டது. நிலக்கரிப் படையிலுள்ள நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால் மெதேன் விடுபடும். ஆகவே இங்கே முதற்கேள்வி பாறையைப் பிளத்தல் பற்றியதன்று. நெல் விளையும் நிலத்தின் அடியிலிருந்து நீரை இறைத்துக் கொட்டுதல் பற்றியது. இயற்கை வேளாண்மை அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊரூராகச் சென்று இதனை எடுத்துரைத்தார். அப்பணியில் இருக்கும்போதே 2013 திசெம்பர் 30ஆந் தேதி பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியிற் காலமானார். தமிழ்நாட்டு அரசு 2013இல் அத்திட்டத்தை நிறுத்தி வைத்து, 2015இல் முற்றாக விலக்கியது.

மூன்றாவது, களிப்பாறை வாயு. இந்தியாவில் இது முதன்முதல் மேற்கு வங்காளத்திலே துர்க்காப்பூருக்கு அண்மையிலுள்ள இச்சாப்பூரில் 2011 சனவரியில் வெளிப்பட்டது. 2013இலே அமெரிக்க எரிசத்தித் தகவல் நிறுவனம், இந்தியாவில் களிப்பாறை வாயு இருக்கத்தக்க படுகைகள் எனக் காம்பே, கிருஷ்ணா-கோதாவரி, தாமோதர் ஆகியவற்றோடு காவிரியையும் எண்ணியது. நீரழுத்தப் பிளப்பு இன்றியமையாது வேண்டப்படுவது இத்தொழிலுக்கே.

நான்காவது, முன்பே கண்டறிந்து விடப்பட்டிருந்த சிறு வயல்களைத் தனியார்க்கு ஏலத்தில் விடுதல். 2017 பெப்ரவரியிலே நெடுவாசல் உட்பட 31 இடங்களுக்கு மத்திய அரசு ஒப்புதல் வழங்கியது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூராகிய நெடுவாசல் அப்போதே எழுந்தது. இங்கேதான் சொற்குழப்பம் உச்சத்தை அடைந்தது. நெடுவாசலில் நிகழவிருப்பது வழமையான கிணறே, பிளத்தலன்று என்றனர் ஆதரித்தோர். பிளத்தலே நிகழும், நிலம் பாழாகும் என்றனர் எதிர்த்தோர். சிறு வயல் ஏலத்தின் விதிகளை நோக்கின், வழமையான எண்ணெய், நிலக்கரி மெதேன், களிப்பாறை வாயு ஆகிய யாவற்றுக்கும் ஒரே உரிமமே வழங்கப்படும் என்றிருந்தது. 2016இல் வந்த பொதுக் கொள்கையும் அவ்வாறே அமைந்தது. எனவே, இன்று ஒன்றைச் செய்வோம் என்றவர் நாளை மற்றொன்றைச் செய்ய அவ்வுரிமம் வழிவிட்டது. உழவரின் அச்சம் அறியாமையாற் பிறந்தது என்று ஒதுக்குதல் முறையன்று. ஒரே தாளில் நான்கு தொழில்களும் அடங்கியிருந்தபோது, எளிய மக்கள் நான்கையும் ஒன்றாகக் கண்டமை இயல்பே.

அதே ஆண்டு யூன் 30ஆந் தேதி தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்திலே நிலத்தடிக் குழாய் உடைந்து எண்ணெய் வயலிற் பரந்தது. அங்கே களிப்பாறை வாயு எடுக்கப்பட்டதில்லை. வழமையான கிணறுகளின் எண்ணெயைச் சுமந்த குழாயே உடைந்தது. ஆயினும் தன் வயலிற் கருநிற எண்ணெய் மிதக்கக் கண்ட உழவனுக்கு, அது பிளந்து வந்ததோ பிளவாமல் வந்ததோ என்பதில் என்ன வேறுபாடு? தீங்கின் வாயில் தரையின் மேலும் குழாயின் ஓரத்திலும் உள்ளது என மேலே கூறியதற்குக் கதிராமங்கலமே சான்று.

இறுதியிலே 2020 பெப்ரவரியில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம், பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களிலும் எண்ணெய், இயற்கை வாயு, நிலக்கரி மெதேன், களிப்பாறை வாயு ஆகியவற்றைப் புதிதாகத் தேடுதலும் துளையிடுதலும் எடுத்தலும் விலக்கப்பட்டன. முன்பே நடைபெற்று வந்த கிணறுகளை அச்சட்டம் தொடவில்லை. சட்டத்தின் வாசகத்திலே ஒவ்வொரு தொழிலும் தனித்தனிப் பெயரிட்டுக் கூறப்பட்டிருத்தலை நோக்குக. வீதியிலே ஒன்றாகக் கலந்து கிடந்த சொற்கள், சட்டமாகியபோது பிரித்தெழுதப்பட வேண்டியவாயின.

நம் நாட்டு நிலை

காவிரிப் படுகை நாகப்பட்டினக் கரையோடு முடிவதன்று. பாக்கு நீரிணையின் அடியாக அது இலங்கையின் வடபாகம் வரை நீள்கின்றது. அதற்குத் தெற்கே மன்னார்ப் படுகை உள்ளது. 1970களிலே சோவியத்து நாட்டின் துணையோடு மன்னார்த் தீவின் பேசாலையிற் கிணறுகள் துளைக்கப்பட்டன. பொருள் ஈட்டத்தக்க எண்ணெய் கிடைக்கவில்லை. 2011இலே மன்னார்க் கடலில், 1,300 மீற்றருக்கு மேற்பட்ட நீராழத்திலே 'டொறாடோ' எனப் பெயரிட்ட கிணற்றில் வாயு கண்டுபிடிக்கப்பட்டது. அது மணற்கற் படையிற் கண்ட வாயு; களிப்பாறை வாயு அன்று. கண்டுபிடித்த நிறுவனம் 2015இலே அவ்விடத்தை விட்டு நீங்கியது. இன்றுவரை அந்த வாயு கரைக்கு வரவில்லை. 1969 முதல் இயங்கும் சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வேண்டிய மசகு எண்ணெய் வெளிநாட்டிலிருந்தே வருகின்றது.

நுகேகொடையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நாம் குழாயைத் திறந்து நீர் பெறுகின்றோம். களனி கங்கையும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களும் தலைநகர்க்கு நீரளிக்கின்றன. நம்மிற் பலர்க்குச் சொந்த ஊராகிய யாழ்ப்பாணத்துக்கோ ஆறில்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கித் தேங்க, அதனையே கிணற்றில் அள்ளிக் குடிக்கின்றனர், தோட்டத்துக்கும் இறைக்கின்றனர். சுண்ணாம்புக்கல் நீரை விரைவில் உள்வாங்கும். நஞ்சையும் அவ்வாறே விரைவில் உள்வாங்கும்.

சுன்னாகப் பகுதியிலே மின்னுற்பத்தி நிலையமொன்றின் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்தமை பற்றிய வழக்கு 2015இல் இலங்கை உயர் நீதிமன்றத்திற் பதிவாகி, 2019இலே தீர்ப்பாயிற்று. பாதிக்கப்பட்ட கிணறுகளுக்குரியோர்க்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு நீதிமன்றம் கட்டளையிட்டது. அங்கே எவரும் பாறையைப் பிளக்கவில்லை. எண்ணெய் தேடித் துளையிடவுமில்லை. தரையிற் சிந்திய கழிவே கிணற்றை அடைந்தது. இழப்பீட்டுப் பணம் வந்தாலும், எண்ணெய் படர்ந்த கிணறு முன்போல் குடிகிணறு ஆவதற்கு எத்துணைக் காலம் வேண்டும் என்பதைக் கிணற்றை நம்பி வாழ்பவரே அறிவர்.

கேட்க வேண்டிய வினாக்கள்

எண்ணெய் வேண்டாம் என்று கூறுதல் நமக்கு எளிதன்று. மின்விளக்கும் பேருந்தும் அடுக்களை அடுப்பும் அதனை நம்பியே இயங்குகின்றன. மன்னார்க் கடலின் வாயு என்றேனும் வெளிவருமாயின் நாட்டின் வறுமைக்கு அது மருந்தாதலுங் கூடும். எனவே துளையிடும் தொழில் எதுவாயினும், அதன் பெயரைக் கேட்டு மயங்காமலும் மருளாமலும் ஐந்து வினாக்களை எழுப்ப நம் மாணவர் பழகுதல் வேண்டும்.

ஒன்று: எந்தப் பாறையில், எத்துணை ஆழத்தில், எம்முறையால் எடுக்கப்போகின்றனர்? வழங்கும் உரிமம் அம்முறைக்கு மாத்திரமோ, பிற முறைகளுக்கும் இடந்தருமோ?

இரண்டு: அதற்கு வேண்டும் நீர் எங்கிருந்து வருவது? அந்நீரை இப்பொழுது பருகுவோர் யாவர்?

மூன்று: நிலத்தினுட் செலுத்தும் பொருள்களின் பெயரும் அளவும் ஊரார்க்குத் தெரிவிக்கப்படுமோ?

நான்கு: மேலே திரும்பும் கழிவுநீர் எங்கே தேக்கப்படும், எவ்வாறு தூய்மையாகும், எங்கே விடப்படும்?

ஐந்து: தொழில் தொடங்கு முன்னரே அயற் கிணறுகளின் நீர் சோதிக்கப்பட்டுப் பதியப்பட்டதோ? குழாய் உடைந்தால் ஈடு செய்பவர் யாவர்?

இவற்றுள் ஐந்தாவது வினாவின் முதற்பகுதியே பெரும்பாலும் மறக்கப்படுவது. முன்னிருந்த நீரின் நிலை எழுத்திற் பதியப்படாவிடின், பின் வந்த கேடு எதனால் வந்தது என்பதை எந்த நீதிமன்றத்திலும் நிறுவுதல் அரிது. கிணற்று நீரைச் சோதித்துக் குறித்து வைத்தல் பெரும் பொறியியலாளர் செய்ய வேண்டிய வேலையன்று. உயர்வகுப்பு இரசாயன மாணவர் தம் ஆசிரியரின் துணையோடு, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது தத்தம் வீட்டுக் கிணற்றின் உப்பளவையும் அமிலத்தன்மையையும் ஆண்டுதோறும் அளந்து, தேதியிட்டு ஓர் ஏட்டிற் பதிந்து வரலாம். பொறியியற்றுறையில் உள்ள பழைய மாணவர் அவ்வேட்டைப் பார்வையிட்டு வழிகாட்டலாம். விழா எடுக்கும் இவ்வாண்டிலே அவ்வாறான ஏடு ஒன்று தொடங்கப்படின், அடுத்த விழா வரும்போது அது நம் ஊர்களின் நீர் வரலாறாக விளங்கும்.

நீர் பாறையைப் பிளக்க வல்லது. எந்தப் பாறையைப் பிளக்கலாம், எதனைப் பிளத்தலாகாது என்று தேர்ந்து கூறும் கடமை, அந்நீரைப் பருகும் மக்களுக்கே உரியது. அதனைத் தம் மொழியிலே தெளிவாகக் கேட்கவும் கூறவும் வல்லவராக மாணவரை ஆக்குதல் கல்லூரியின் பணியாகும்.